சூனியக்காரிக்குக் குரல் கொடுத்தவள்

தம்பி செய்துவிட்டு வந்த காரியத்தைக் கேட்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"படத்துக்குத்தானேக்கா கூட்டிட்டுப் போனேன்? என்னமோ உன் பொண்ண எங்கயோ வித்துட்டு வந்த மாதிரி குதிக்கிறே!"

"எந்தப் படத்துக்குடா?"

சொன்னான். அவள் தோள்பையைச் சோபாவில் விட்டெறிந்தாள். ஊரில் வேறு படமே ஓடவில்லையா? அந்தப் படத்தில் பிள்ளைகளை ஆசைகாட்டிக் கிணற்றுக்குள் இழுக்கும் சூனியக்காரிக்குத் தமிழில் குரல் கொடுத்தவளே அவள்தான். வேற்றுமொழிப் படங்களுக்குப் பின்னணி பேசுவது அவள் பிழைப்பு. அந்தக் காட்சியைப் பேசி முடித்தபோது அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. எட்டு வயது மகளுக்கு இதெல்லாம் இப்போது வேண்டாம், இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று அன்றைக்கே முடிவு செய்திருந்தாள்.

"பறக்கிற குதிரை, பேசுற நரி... சின்னப் பிள்ளைங்க படம்னு போஸ்டர்லயே போட்டிருந்தான்க்கா."

"போஸ்டர்ல போட்டிருந்தானா? பெத்தவ நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கேனே, ஒரு போன் போட்டுக் கேட்டா உன் கை தேஞ்சா போயிடும்?"

"கேட்டா வேணாம்பே."

"அப்போ தெரிஞ்சேதான் செஞ்சிருக்கே!"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். அப்போதாவது சும்மா இருந்தானா? "பொத்திப் பொத்தி வளர்த்தா எப்பதான் தைரியம் வரும்? மத்த பிள்ளைங்க எல்லாம் அலறுச்சுங்க. இவ கண்ணைக்கூட மூடல."

"அப்புறம் ஏன் வந்ததும் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா?"

அவன் தலையைச் சொறிந்தான். "வழியெல்லாம் ஒண்ணுமே பேசல. 'இனிமே அம்மாகூடப் பேசவே மாட்டேன்'னு மட்டும் சொன்னா."

அவளுடையது, தினமும் கதை சொல்லித் தூங்க வைக்கும் குரல். இனி அவள் வாயைத் திறந்தாலே பிள்ளைக்கு அந்தக் கிணறுதானே ஞாபகம் வரும்?

"பாவி! என் குரலே என் பிள்ளைக்கு ஆகாம பண்ணிட்டியேடா!"

கதவைத் தட்டினாள். "அம்மாதான்டா கண்ணு. அது சும்மா, அம்மா வேலைக்காகப் பேசினது. பயப்படாதே."

படாரென்று கதவு திறந்தது. மகள் இடுப்பில் கைவைத்து நின்றாள். முகத்தில் பயமாவது ஒன்றாவது! கோபத்தில் மூக்கு சிவந்திருந்தது.

"யாருக்குப் பயம்? அது நீதான்னு வாயைத் திறந்ததுமே கண்டுபிடிச்சிட்டேன்."

"அப்புறம் என்னடி கோபம்?"

"அந்தப் பொண்ணப் போய் 'வாடி என் கட்டெறும்பே'ன்னு கூப்பிட்டியே!"

அவளுக்கு எழுதிக் கொடுத்திருந்த வசனம் 'வா குழந்தாய்' என்பதுதான். ஆனால் திரையில் சூனியக்காரியின் உதடுகள் கடைசியில் ஒட்டிப் பிரிந்தன. 'குழந்தாய்' அந்த வாயசைவில் உட்காரவே இல்லை. 'கட்டெறும்பே' கச்சிதமாக உட்கார்ந்தது. பிரமாதம் என்று ஸ்டுடியோவில் எல்லாரும் சொன்னார்கள். அவளும் பூரித்துப்போனாள். அந்தச் செல்லப்பெயருக்கு உரியவள் வீட்டில் இருக்கிறாளே என்று அப்போது தோன்றவே இல்லை.

"அது நமக்கு மட்டும்னு நீதானே சொன்னே? தியேட்டர் முழுக்க எல்லாரும் கேட்டாங்க." மகளுக்குக் குரல் உடைந்தது. "இனிமே என்னை அப்படிக் கூப்பிடாதே. அது அந்தச் சூனியக்காரி பேசுற பேச்சு."

கதவு மறுபடியும் சாத்திக்கொண்டது.

தம்பி ஏதோ சொல்ல வந்தான். "நீ பேசினே, பல்லைப் பேத்துடுவேன்!" என்று அவன்மேல் பாய்ந்தாள். பாய்ந்து என்ன ஆகப்போகிறது? கதவின் பக்கம் திரும்பி மகளைக் கூப்பிட வாயெடுத்தாள். "கட்..." என்று வந்ததை அப்படியே விழுங்கினாள். வேறு எந்தப் பெயரும் வாயில் வரவில்லை.