நாக்குக்கு அடியில்

மனைவி இறந்த பதினெட்டாம் நாள் வேலைக்குத் திரும்பினேன். மனநலப் பிரிவில் ஆண்கள் வார்டு. முப்பத்திரண்டு கட்டில், பகலில் மூன்று நர்ஸ்.

தலைமை நர்ஸை நாங்கள் அக்கா என்போம். "ஒரு மாசம் பாரு. முடியலைன்னா ரெக்கார்டு ரூமுக்கு மாத்திவிடறேன். அங்க ஃபைல் எதுவும் உன்னைக் கடிக்காது," என்றார். வார்டில் ஒருவர் என்னைக் கடித்திருக்கிறார்.

போய்விடலாம் என்றுதான் இருந்தேன். ஏழு வருஷத்தில் அடி, எச்சில், வசவு எல்லாம் வாங்கியாயிற்று. வீட்டில் அவளிடம் சொன்னால் சிரிப்பாள், அதோடு விட்டுப்போகும். இப்போது எதுவும் விட்டுப்போவதில்லை.

காலை மாத்திரை என் பொறுப்பு. கொடுத்ததும் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். விழுங்கினாரா ஒதுக்கினாரா என்று தெரிய வேறு வழியில்லை. எல்லா வாயிலும் டார்ச் அடித்தேன், கையெழுத்தும் போட்டேன். பார்த்தேன் என்று சொல்ல முடியாது.

இருபதாம் கட்டிலில் ஒரு தபால்காரர். சாகப்போனவரைக் காப்பாற்றிக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். தேறிவிட்டார், அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் எழுதியிருந்தார்.

மூன்றாவது வாரம், அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தவனைச் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"தம்பி, டார்ச்ல பேட்டரி இருக்கா?"

"இருக்கே."

"கண்ணுக்கும் ரெண்டு வாங்கிப் போடுங்க."

வாயைத் திறந்தார். நாக்குக்கு அடியில் மாத்திரை. பிறகு தலையணை உறைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் தட்டில் வைத்தார். பதினொன்று இருந்தன.

"எல்லாம் நீங்க குடுத்தது. உங்க லீவு நாள்ல வர்ற சிஸ்டர் விட்டா தொண்டைக்குள்ளயே இறங்கிப் பாப்பாங்க."

"ஏன் இப்ப குடுக்கறீங்க?"

"நேத்தே போட்டுக்கலாம்னு எடுத்தேன். காலையில முதல்ல வந்து பாக்கறது நீங்கதான? வீட்டுல ஒரு சாவைப் பாத்துட்டு வந்திருக்கீங்க. இன்னொண்ணு வேண்டாமேன்னு வெச்சுட்டேன்."

வாழ்நாளில் யாரும் எனக்கு இவ்வளவு பெரிய உபகாரம் செய்ததில்லை. பக்கத்து வரிசையில் நின்ற நர்ஸை அவர் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, தட்டோடு அக்காவிடம் போனேன்.

"என் தப்புக்கா. பதினோரு நாள்."

அக்கா டாக்டரைக் கூப்பிட்டார். பிறகு மாத்திரைப் பதிவேட்டைப் புரட்டினார். "ஒவ்வொரு நாளும் உன் கையெழுத்துக்குக் கீழ என் கையெழுத்தும் இருக்கு பாரு. உன் மூஞ்சியப் பாத்தும் நான் கேக்கல. நடந்ததை நீ எழுது, நானும் எழுதறேன். திட்டு சேந்தே வாங்குவோம்."

எழுதினோம்.

"ரெக்கார்டு ரூமுக்கு இன்னிக்கே போறியா?"

"இல்லக்கா. இங்கயே இருக்கேன்."

"இருக்கிறதுன்னா முழுசா இரு. பாதி ஆளுக்கு இங்க கட்டில்தான் குடுப்பாங்க."

டாக்டர் வர முக்கால் மணி நேரமாகும் என்றார்கள். தபால்காரரைத் தனியே விடக்கூடாது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"வீட்டுக்குப் போறது தள்ளிப்போச்சா?" என்றார்.

"தள்ளிப்போச்சு."

"உங்களாலதான்."

"ஆமா. நேத்து போட்டுக்காததுக்கு ரொம்ப நன்றி."

சிரித்தார். நான் அவரைக் கேட்டேன்: "ஏன் சேத்து வெச்சீங்க?"

சொல்ல ஆரம்பித்தார். டாக்டர் வரும்வரை சொன்னார். ஒரு சொல் விடாமல் கேட்டேன்.