இடக்கன்னத்தின் நிழல்

பிரகதீஸ்வரி செத்த பதினாறாம் நாள், காரியம் முடிந்து பந்தல் பிரிக்கும்போது, அவள் புருசன் நிலவழகனின் முகத்தில் இடது பாதி இல்லாமல் போனது. காயமில்லை, ரத்தமில்லை. நெற்றி நடுவிலிருந்து தாடை வரை கோடு கிழித்தாற்போல் வலப்பக்கம் அப்படியே இருக்க, இடப்பக்கம் எழுதாத தாளாக வழவழவென்று கிடந்தது. கண், புருவம், பாதி மூக்கு, பாதி வாய், எதுவும் இல்லை. கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் அதிலும் அந்தப் பாதி வெளுத்திருந்தது. அந்த வாரம் அறந்தாங்கிச் சந்தையில் தக்காளி நாற்பது ரூபாய்க்கு இறங்கியிருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் இரண்டையும் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். தாலி ஏறியதும் பெண்ணை மாப்பிள்ளையின் வலப்பக்கத்திலிருந்து எழுப்பி இடப்பக்கம் உட்காரவைப்பது வழக்கம். நாலு வருசம் அந்தப் பக்கமே இருந்தவள் போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று தெரு முடிவு கட்டியது. டீக்கடைக்காரர் பாதி வாய்க்குத் தோதாகச் சின்ன கிளாஸ் ஒன்று ஒதுக்கி வைத்தார்.

நிலவழகன் ஓவிய ஆசிரியர். அவன் அழவில்லை. அழாததற்குக் காரணமும் சொல்லவில்லை. அவனுக்கு ஒரே கஷ்டம், மகள். இரண்டரை வயது அன்புமொழி அவனைக் கண்டதும் அலறினாள். மாமியார் திலகவதி பிள்ளையை மணமேல்குடிக்குத் தூக்கிப் போனார். ஞாயிறுதோறும் அவன் பஸ் ஏறிப் போவான், அவள் பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள், திரும்பி வருவான். மச்சினன் ரகுநாத் சார்ஜாவிலிருந்து நீண்ட லீவில் வந்திருந்தான். அவனுக்குப் பிள்ளை கிடையாது. அன்புமொழியின் பாஸ்போர்ட்டுக்கு வேண்டிய கையெழுத்தை, காரியத்துக்கு மறுநாள், எதில் போடுகிறோம் என்று பார்க்காமலே நிலவழகன் போட்டுக் கொடுத்திருந்தான்.

"கோவிச்சுக்காதீங்க மாப்ள. புள்ள ஒங்ககிட்ட தானா வந்துச்சுன்னா தாராளமா கூட்டிட்டுப் போங்க. வரலைன்னா ஆனி கடைசி ஞாயித்துக்கெழம ரகுநாத்தோட பிளேன் ஏறட்டும்" என்றார் திலகவதி. அவன் சரி என்று தலையாட்டினான். பஸ்ஸில் வரும்போதுதான் என்ன ஒப்புக்கொண்டோம் என்பது உறைத்தது.

மறுவாரம் ஒன்பதாம் வகுப்புக்குத் தன்னுருவம் வரையும் பாடம். வரைபலகையில் தடித்த தாள் ஒன்றைக் குத்தி, தன் முகத்தையே மாதிரியாக வைத்து நடுக்கோடும், முகத்தின் சரிபாதியில் கண்கோடும் போட்டான். ஒரு கண்ணுக்கும் மறு கண்ணுக்கும் நடுவே ஒரு கண் அகலம் என்று சொல்லிக்கொண்டே, கைப்பழக்கத்தில் இடது கண்ணையும் வரைந்தான். "சார், ஒங்களுக்குக் கண்ணு வந்துருச்சு!" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். வந்திருந்தது. இமைத்தது. வேறு தாள்களில் வரைந்து பார்த்தான், எதுவும் நடக்கவில்லை. அந்த ஒரு தாள்தான் அவன் முகத்தோடு ஒட்டியிருந்தது.

வீட்டுக்குக் கொண்டுபோய்க் கவராயத்தால் அளந்து, வலப்பாதியை அப்படியே இடப்பக்கம் திருப்பி வரைந்தான். மயிரிழை பிசகவில்லை. நூல் பிடித்தாற்போல் முகம் வந்தது. சினிமாவில் நடிக்கவே போகலாம் என்று தெருவில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை அன்புமொழி அவனைப் பார்த்து, முன்னைவிடப் பெரிதாக அலறினாள். திலகவதி வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அழகாத்தான் இருக்கீங்க மாப்ள. யாரு நீங்க?" என்றார்.

எந்த முகமும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது என்று வருசாவருசம் பாடம் நடத்தியவன், தன் முகத்தில் அதை மறந்திருந்தான். ஆனால் இடப்பக்கம் எப்படி இருந்தது என்பதும் நினைவில்லை. முடிவெட்டும் மரியசெல்வத்திடம் போனான். அவருக்கு அவன் முகம் கையில் பாடம்.

"எடது புருவம் ஒரு நூல் ஒசரம் வாத்தியாரே. தாடையில ஒரு சுழி, அங்கிட்டு கத்திய திருப்பித்தான் போடணும். ஒதட்டு ஓரம் கொஞ்சம் எறக்கம், எப்பவும் எனக்குக் காசு பாக்கி வச்ச மாதிரி."

அவர் சொல்லச் சொல்ல நிலவழகன் ரப்பரால் அழித்தான். அழித்த இடமெல்லாம் முகம் தீயாய் எரிந்தது. மூன்று நாள் அழித்து வரைந்ததில் முகம் சரியானது, தாள்தான் தேய்ந்துவிட்டது. வெளிச்சத்தில் பிடித்தால் பின்னால் இருக்கும் விரல் தெரிந்தது. இன்னொரு முறை ரப்பர் பட்டால் தாள் கிழியும். தாள் கிழிந்தால் எது கிழியும் என்று மரியசெல்வம் கேட்கவில்லை. அவன் கடையை விட்டு இறங்கும்போது சிலுவை மட்டும் போட்டுவிட்டார்.

ஆனி கடைசி ஞாயிறு. மணமேல்குடியில் வாசலில் கார் நின்றது. டிக்கியில் பெட்டிகள் ஏறியாகிவிட்டன. அன்புமொழி புதுக் கவுன் போட்டு முற்றத்தில் நின்றாள். அப்பாவைப் பார்த்தாள். அலறவில்லை. மூன்று எட்டு வந்தாள். நின்றாள். அவன் முகத்துக்குப் பக்கத்தில் வெறும் வெயிலில் எதையோ தேடினாள். பிறகு உதடு பிதுங்கியது.

"மச்சான், திருச்சி போயி சேரணும். மணி ஆச்சு" என்றான் ரகுநாத்.

"அஞ்சு நிமிசம்."

நிலவழகன் முற்றத்திலேயே சம்மணமிட்டு, அந்தத் தாளைக் குத்திக் கொண்டுவந்திருந்த பலகையை மடியில் வைத்தான். முகம் அச்சாக இருந்தது. ஆனால் வாழ்த்து பேனரில் இருக்கிற முகம்போல இரண்டு பக்கமும் ஒரே வெளிச்சம். நாலு வருசத்தில் அவன் இடப்பக்கம் முழு வெயில் பட்டதே இல்லை. அங்கே எப்போதும் ஒருத்தி நின்றாள். அவள் தோளில்தான் பிள்ளை இருந்தது. அங்கிருந்துதான் அது அப்பாவைப் பார்த்தது.

கருமை கூடிய பென்சிலைச் சாய்த்துப் பிடித்தான். அழிக்க வழியில்லை, போட்ட கோடு போட்டதுதான். கன்னத்து எலும்புக்குக் கீழே முதல் கோடு. தாள் முனகியது. கழுத்து வரை லேசாக இறக்கினான். மூக்கின் ஓரத்தில் அழுத்தியபோது தாளில் ஊசி முனையளவு துளை விழுந்தது. அவன் மூக்கோரத்தில் ஒரு சொட்டு ரத்தம் துளிர்த்தது. திலகவதி வாயைப் பொத்திக்கொண்டார். அவன் நிறுத்தவில்லை. விரலால் தேய்க்காமல், கோட்டின் மேல் கோடாக, ஒருத்தி தலை சாய்த்து நின்றால் விழும் நிழலை, காதோரம் வரை கொண்டுபோய் விட்டான்.

உச்சி வெயிலில், பக்கத்தில் யாருமில்லாத அவன் முகத்தில், இடப்பக்கம் நிழல் விழுந்தது.

அன்புமொழி மீதித் தூரத்தையும் நடந்து வந்தாள். இடப்பக்கமாகச் சுற்றி வந்து, அவன் தோளைப் பிடித்து ஏறி, அந்தக் கன்னத்தில் தன் கன்னத்தை வைத்தாள்.

"சில்லுனு இருக்குப்பா" என்றாள். நிலவழகன் அப்போதுதான் அழுதான், இரண்டு கண்ணாலும்.

ரகுநாத் கார் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, அன்புமொழியின் சின்னப் பெட்டியை மட்டும் டிக்கியிலிருந்து எடுத்து வைத்தான்.

அந்த நிழல் பிறகு போகவேயில்லை. ஆதார் எடுக்கிறவர்கள் இரண்டு முறை விளக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்படியே பதிந்துகொண்டார்கள். சித்திரை வெயிலில் அறந்தாங்கி பஸ்ஸில் அவனுக்கு இடப்பக்கத்து சீட்டுக்குப் போட்டி இருக்கிறது. முந்தானையால் விசிறிக்கொண்டு வந்து உட்காருகிற பெண்கள், கொஞ்சம் போனதும் விசிறுவதை நிறுத்திவிட்டுத் தூங்கிப்போகிறார்கள்.