விரதக்காரரின் தாடை

ஆட்டோ ஓட்டும் அன்பரசன் மௌன விரதம் இருக்கிறார் என்றதும் செங்கம் ரோடே அவரைக் கும்பிட ஆரம்பித்தது. இந்த ஊரில் வாயை மூடிக்கொண்டால் போதும், மீதியை ஊரே பார்த்துக்கொள்ளும். ஆசிரமங்களுக்கு வரும் வெள்ளைக்காரர்கள் தேடி வந்து அவர் வண்டியில் ஏறினார்கள். மனைவி கஸ்தூரி தெருவெல்லாம் பெருமை பேசினாள்.

உண்மையில் அவரால் வாயைத் திறக்கவே முடியவில்லை. போன கார்த்திகை தீபத்தன்று அண்ணாமலையார் மலையைப் பார்த்து, எரியும் சூடத்தை அணைத்து, இனிப் புகையிலையைத் தொடுவதில்லை என்று கஸ்தூரிக்குச் சத்தியம் செய்தவர் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கீழ் ஈறில் புண் வந்தது. ஆறவில்லை, நாற்றம் வேறு. காட்டினால் குட்டு உடைந்துவிடும். விரதம் என்று சைகை காட்டி, கஞ்சியும் தனிப்படுக்கையுமாக ஒதுங்கிக்கொண்டார். யாராவது கும்பிட்டால் உடம்பு கூசியது.

கஞ்சி டம்ளரில் பல் விழுந்த அன்றுதான் கஸ்தூரி அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். சதை எடுத்துச் சோதித்து, ஸ்கேனும் வந்த பிறகு டாக்டர் வேதா விளக்கினார்.

“வாய்ப் புற்றுநோய்மா. தாடை எலும்புக்குள்ள போயிடுச்சு. கேன்சர் செல்லு எலும்ப நேரா தின்னாது. பழைய எலும்பக் கரைக்கற செல்லு நம்ம உடம்புலயே இருக்கு, புதுசு கட்டற செல்லும் இருக்கு. கேன்சர் கிட்ட வந்து ரசாயனத்த விட்டுத் தூண்டும். கரைக்கற செல்லு ஜாஸ்தியாயிடும், கட்டற வேல கம்மியாயிடும். எலும்பு கரையக் கரைய, அதுக்குள்ள இருந்த சத்து வெளிய வந்து கேன்சருக்கே தீனியாவும். அது வளந்து இன்னும் கரைக்க வெக்கும்.”

தன் எலும்பைத் தன் உடம்பே கரைத்துக் கொடுத்திருக்கிறது என்று கேட்டு அன்பரசன் தலையைக் குனிந்துகொண்டார்.

“எடது பக்கத் தாடைய எடுத்துட்டு, கால்லேருந்து எலும்ப எடுத்து வெச்சுக் கட்டணும். நாளைக்கே அட்மிட் ஆவணும். பொகையில உண்டா?”

“அதெல்லாம் போன தீபத்தோட விட்டுட்டாருங்க,” என்றாள் கஸ்தூரி. “ஆனா டாக்டரம்மா, அண்ணாமலையாருக்கு இருக்கற விரதம். விரதக்காரர் மேல கத்தி படக்கூடாதுங்க. இந்தத் தீபம் முடியட்டுமே?”

“அதுக்கு ரெண்டு மாசம் இருக்கு. அதுக்குள்ள கழுத்துக்குப் போயிட்டா உயிருக்கே ஆபத்து.”

“சாமி காப்பாத்துவாரு. தீபம் முடிஞ்சே வரோம்.”

அன்பரசனுக்கு அவமானத்தில் காது சுட்டது. இன்னும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளுடைய பக்தியே அவரைக் கொன்றுவிடும்.

“விரதமே இல்ல,” என்றார் பல்லிடுக்கில். “பொகையிலய நான் விடவே இல்ல, கஸ்தூரி.”

நாற்றம் அவள் முகத்தில் அடித்தது. அவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

“சொல்ல வேண்டியதெல்லாம் இன்னிக்கே சொல்லிடுங்க,” என்றார் டாக்டர். “ஆபரேஷனுக்கு அப்புறம் கொஞ்ச நாளைக்கு நெஜமாவே பேச முடியாது.”

கஸ்தூரி கணவர் கையைப் பிடித்து வாயிலிருந்து கீழே இறக்கினாள்.

“பேசுய்யா,” என்றாள். “உன் மேல கோவம் கோவமா வருது. இருந்தாலும் பேசு.”