இடிமணி

முதலாளி தமிழ்செல்வன் போய்ச் சேர்ந்த பிறகும் அவர் மாட்டிய மணிகள் சும்மா இருக்கவில்லை. குன்னத்தூர் ரோட்டு நிட்டிங் கம்பெனியில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததும் அந்த மணிகளுக்கு அடியில்தான் என்பதால் பேச்சுக்குக் குறைவில்லை.

இத்தனைக்கும் அதில் மந்திரம் எதுவும் கிடையாது. அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்ட பெஞ்சமின் பிராங்க்ளின் மீது தமிழ்செல்வனுக்குத் தீராத பித்து. இடிதாங்கி, கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்துச் செய்த மூக்குக்கண்ணாடி, விறகை மிச்சப்படுத்தும் அடுப்பு என்று அந்த மனிதரின் பிரதாபங்களைக் கையிலிருக்கும் டீ ஆறும்வரை அளப்பார். பிராங்க்ளின் வீட்டில் இருந்தது போலவே வேண்டுமென்று அனுப்பர்பாளையத்தில் இரண்டு பித்தளை மணி செய்து வாங்கி, மொட்டைமாடிப் படியின் உச்சியில் தொங்கவிட்டார். ஒரு மணி இடிதாங்கியோடு சேர்ந்திருக்கும், மற்றது பூமிக்குள் போகும் கம்பியோடு. நடுவில் பட்டுநூலில் ஒரு சின்னக் குண்டு. மின்னல் மேகம் வந்தால் குண்டு தானாகவே இரண்டு மணியிலும் மாறி மாறி முட்டும். சத்தம் கேட்டதும் மாடியில் துணி காயப்போடுகிறவர்கள் இறங்கிவிட வேண்டும். கம்பெனியில் அதுதான் சட்டம்.

அவர் இருந்தவரை சிரித்துக்கொண்டே இறங்கியவர்கள், இப்போது அந்தப் படியில் ஏறவே மறுத்தார்கள். வேலையை விட்டே சிலர் நின்றுவிட்டார்கள். கம்பெனியை ஏற்று நடத்தும் அவர் மனைவி மைதிலி, மிஷின் பிட்டர் ஆறுச்சாமியைக் கூப்பிட்டாள்.

"பிராங்க்ளின் சம்சாரமும் இப்படித்தான் பயந்தாங்களாம். ரெண்டு மணிக்கும் நடுவுல ஒரு கம்பியக் கட்டிட்டா கரண்டு அது வழியாவே பூமிக்குப் போயிரும், சத்தம் வராதுன்னு அவரே சொல்லி அனுப்புனாராம். அதையே செஞ்சுருங்கண்ணா."

"ஆகட்டுங்க அம்மிணி."

வாய்தான் ஆகட்டும் என்றது. முதலாளி அங்கேதான் இருக்கிறார் என்பதில் ஆறுச்சாமிக்குச் சந்தேகமே இல்லை. ஆவியை அடக்கக் கம்பி கட்டுவார்களா யாராவது? பனியன் நூல் சுற்றிய கோனிலிருந்து ஓர் இழையை உருவி, மஞ்சள் தடவி, இரண்டு மணிகளையும் சேர்த்துக் கட்டினார். "போதுங்க சாமி. இனி நாங்க பாத்துக்கறோம்" என்று கும்பிட்டார். கம்பி கட்டியாயிற்று என்று மைதிலியிடம் கூசாமல் சொன்னார்.

மணிகள் அடங்கின. மழையே இல்லாத நாட்களில் அவை ஏன் அடிக்கப்போகின்றன என்று ஒருவரும் கேட்கவில்லை. மஞ்சள் நூலின் மகிமை என்று ஆறுச்சாமி உள்ளுக்குள் பூரித்துப்போனார்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம், காற்றே இல்லாமல் வானம் கறுத்தது. கரண்ட் போனது. அத்தனை மிஷினும் ஒரே சமயத்தில் நின்ற அந்த அமைதியில் மணி அடித்தது. எப்போதும் படபடவென்று அடிப்பது, இன்று அவசரமே இல்லாமல், ஒருவர் விரலால் தட்டுவதைப் போல ஒவ்வொன்றாக அடித்தது. ஆறுச்சாமிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அப்போதுதான் வேல்விழி மாடியில் இருப்பது நினைவுக்கு வந்தது. மதுரைப் பக்கத்திலிருந்து வந்த பெண், புதிதாகச் சேர்ந்தவள்.

அவர் ஏறியபோது அவள் சாவகாசமாகத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"மணி அடிக்குது, கீழ வா கண்ணு."

"எந்த மணி அண்ணாச்சி? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

கையைப் பிடித்து இழுத்துப் படிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். கதவின் இடுக்கெல்லாம் வெளிச்சம் பாய்ந்தது. இடி காதை அடைத்தது. பிறகு பார்த்தால், அவள் நின்ற இடத்தில் கொடிக்கம்பி கருகி அறுந்து கிடந்தது.

வேல்விழியை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, ஆறுச்சாமி நேராக மைதிலியிடம் போனார். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"தப்புப் பண்ணிட்டனுங்க அம்மிணி. கம்பி கட்டலீங்க, நூலத்தான் கட்டுனேன். நூல்ல கரண்டு ஓடாதில்லீங்க, அதான் மணி அடிச்சிருக்குது."

சொல்லச் சொல்ல அவருக்கே நெஞ்சு லேசானது. இவ்வளவுதானா விஷயம் என்று சிரிப்புக்கூட வந்தது. மைதிலி சிரிக்கவில்லை.

"அந்த நூல அன்னைக்குச் சாயங்காலமே பாத்துட்டேண்ணா. அவுத்துப் போட்டுட்டு நானே கம்பி கட்டுனேன். நீங்க சங்கடப்படுவீங்கன்னு சொல்லல."

இருவரும் படியேறினார்கள். மணிகளுக்கு நடுவே செப்புக் கம்பி முறுக்கு விடாமல் அப்படியே இருந்தது. குண்டு அசையாமல் தொங்கியது.

மைதிலி அழுதுகொண்டே கம்பியின் முறுக்கைப் பிரிக்கத் தொடங்கினாள்.

"இத்தன நாளா அவரு வாயக் கட்டிப் போட்டுட்டனேண்ணா" என்றாள்.