ஞாயிற்றுக்கிழமை அப்பா

தனுவச்சபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நான் பஸ் ஓட்டுகிறேன். ஊரான் பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேரைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலம் அவரவர் வாசலில் இறக்கிவிடுகிறேன். ஒரு தாய்க்கும் என்மேல் சந்தேகம் வந்ததில்லை. ஆனால் நான் பெற்ற மகளை நான் தூக்கினால் மட்டும் என் மாமியார் விலாசினிக்கு இரண்டு கையும் தானாக நீளும்.

"மக்களே, பிள்ளைக்கு கழுத்து நிக்காது. இஞ்ச தாருங்க."

எங்கள் பக்கத்து முறை இது. முதல் பிரசவத்துக்கு ஏழாம் மாதமே பெண்ணை அவள் வீட்டார் கூட்டிக்கொண்டு போவார்கள். பிள்ளை பிறந்து தொண்ணூறு நாள் ஆன பிறகுதான் மாப்பிள்ளை வீட்டார் போய்த் தாயையும் பிள்ளையையும் அழைத்து வருவார்கள். அந்தத் தொண்ணூறு நாளும் அப்பன் என்று ஒருவன் எங்கே இருப்பான், என்ன செய்வான் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேக்கரிப் பொதியோடு வரலாம். சாயா குடிக்கலாம். பிள்ளையைப் பார்க்கலாம். பார்த்தாயிற்றா, பஸ் ஏற வேண்டியதுதான்.

நந்தனா பிறந்தது சித்திரை விஷு முடிந்து ஒரு வாரத்தில். பள்ளிக்கூடம் மே முடியும்வரை லீவு. குளத்தூரில் என் வீட்டில் மல்லாந்து கிடந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெருங்கடவிளையில் மாமியார் வீட்டில் என் மகள் அழுதுகொண்டிருந்தாள். பிறந்த இருபத்தெட்டாம் நாள், இருபத்தெட்டு கெட்டுச் சடங்கு அன்று, அவள் இடுப்பில் அரைஞாண் கட்டுவதற்காக என் மடியில் வைத்தார்கள். கட்டி, காதில் பெயர் சொல்லி, போட்டோவும் எடுத்து முடிந்தது. உடனே அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்குவது போல எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

தொண்ணூறு நாள்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு காலண்டரில் ஒவ்வொரு கட்டமாக அடித்து வந்தேன். கர்க்கடகம் என்கிற ஆடி மாதம் பிறக்க நாலைந்து நாள் இருக்கும்போது, எண்பத்திரண்டாம் நாள், என் அம்மா சுகுமாரி பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"தொண்ணூறு வாறது கர்க்கடகத்திலயாக்கும். கர்க்கடகத்தில பிள்ளைய வீட்டுக்கு கொண்டு வரப்பிடாது."

"அப்பம் அதுக்கு முன்னயே கொண்டு வருவோம்."

"தொண்ணூறு ஆவாண்டாமா?"

"செரி, கர்க்கடகம் கழிஞ்ச உடனே?"

"அது நாலாம் மாசம். இரட்ட மாசம் ஆவாது. அஞ்சில கொண்டு வரலாம், ஓணத்துக்கு."

மாமிக்குப் போன் போட்டால் அவரும் அதையே சொன்னார். கல்யாணச் சாம்பாரில் உப்பு குறைவு என்று இந்த இரண்டு பேருக்கும் தொடங்கிய வழக்கு இன்னும் தீரவில்லை. என்னை வெளியே நிறுத்துவதில் மட்டும் எத்தனை ஒற்றுமை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேக்கரிப் பொதி வாங்காமல் போனேன். என் எதிர்ப்பு அவ்வளவுதான். அதை யாரும் கவனிக்கவும் இல்லை. நந்தனாவைக் குளிப்பாட்ட வரும் மினியக்கா அப்போதுதான் அவளை ஈரம் போகத் துவர்த்தி முடித்திருந்தாள். கையில் வாங்கினேன். நந்தனா என் முகத்தைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. வீறிட்டு அழுதாள். மினியக்கா திரும்ப வாங்கியதும் அழுகை சட்டென்று நின்றது.

"ஆளறியாம அழுவுதாக்கும்," என்றார் மாமி, மிகச் சாதாரணமாக.

மினியக்காவை அறிகிறாள், என்னை அறியவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கக் கோபம்தான் கை கொடுத்தது. உள் அறைக்குப் போய் என் மனைவி சுமியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் அம்மை, என் அம்மை, பஞ்சாங்கம், கர்க்கடகம், ஒருத்தரையும் பாக்கி வைக்கவில்லை.

சுமி பிள்ளைத்துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"இதெல்லாம் என்னட்ட எதுக்கு சொல்லுதிய? அவியகிட்ட சொன்னியளா?"

"சொன்னா கேப்பாவளா?"

"சொன்னியளாண்ணாக்கும் கேட்டேன்."

சுமி அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

"எண்பத்தஞ்சு நாளா எனக்கு ஒறக்கம் இல்ல. ஒங்களுக்கு மே முடியுறது வர லீவுதான இருந்தது. ஒரு நாள் நான் இஞ்ச நிக்கியேன்னு சொன்னியளா? சாயா குடிச்ச கையோட பஸ்ஸுக்கு மணி பாத்தது நீங்களாக்கும். அப்பன் வந்து தங்கப்பிடாதுண்ணு எந்தப் பஞ்சாங்கத்தில எழுதியிருக்கு?"

எதிலும் எழுதியிருக்கவில்லை. மாமியார் வீட்டில் போய்ப் பாய் விரித்தால் ஊர் சிரிக்கும் என்று எனக்குத்தான் பயம். முறையை வாய் நிறையத் திட்டிக்கொண்டே, அந்த முறைப்படி ஒரு ஞாயிறு தவறாமல் நடந்தவன் நான்தான். இத்தனை நாளும் நான் திட்டாமல் விட்ட ஒரே ஆள் நான். அது இப்போது சுருக்கென்று குத்தியது.

சாயங்காலம் நாலரை மணிக்கு மாமனார் சோமன் வழக்கம் போல வாசலுக்கு வந்து சாலையைப் பார்த்தார்.

"பஸ் வாற நேரமாச்சு."

"நான் போவல்ல மாமா. பிள்ளைய கொண்டு போறது வர நானும் இஞ்சயாக்கும். வேலைக்கு இஞ்சருந்து போவேன்."

"நாட்டுகாரு என்ன சொல்லும் மக்களே?" என்றார் மாமி. அவர் தோளில் நந்தனா விழித்திருந்தாள்.

"சொல்லட்டு மாமி. பிள்ளைய தாருங்க."

மாமனார் உள்ளே போய், தன் கைலி ஒன்றைக் கொண்டுவந்து நாற்காலியில் போட்டார். மாமி பிள்ளையைத் தந்தார். நந்தனா என் முகத்தைப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள், தொண்டை கிழிய அழுதாள். மாமியின் கை நீண்டது. நான் கொடுக்கவில்லை. பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு முற்றத்தில் நடந்தேன். பஸ் வந்தது, நின்றது, போனது.

"அழு மக்கா. அப்பன் எங்கயும் போவல்ல."

ரப்பர் மரம்வரை போய்த் திரும்பி, மறுபடியும் போனேன். அவள் அழுகையை நிறுத்துவதாக இல்லை. சுமி அறை வாசலில் நின்று கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த சுற்றில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பிள்ளை இங்கே வீறிட்டுக்கொண்டிருக்கும்போதே, மடிக்காத துணிகளின்மேல் தலை வைத்து அவள் தூங்கிப்போயிருந்தாள்.