காப்பித் தொலிக் கரி

எண்பத்து மூன்றாம் வருஷம், வில்பட்டி ஓடையில் பூச்சிமருந்து வாடை அடிக்கிறது என்று சொன்னால், திருமலைச்சாமி சிரிப்பார். ஓடைக்கு மேலே அவருடைய உருளைக்கிழங்குத் தோட்டம். மருந்தடித்த டின்களை அவருடைய ஆட்கள் ஓடையில்தான் கழுவுவார்கள். அதைத்தான் கீழே நாங்கள் குடித்தோம்.

"மலைத்தண்ணி டீச்சர், அமிர்தம்ல!" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டவுன் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவளிடம் அமிர்தக் கதை! கழுவுவதை ஓடையை விட்டுத் தள்ளி வைத்துக்கொள்ளச் சொன்னோம், அவ்வளவுதான். மனிதர் அசைந்து கொடுக்கவில்லை.

அவர் அசையும்வரை தாகம் காத்திருக்குமா? தாண்டிக்குடியிலிருந்து காப்பிக்கொட்டை உரித்த தொலியை ஜீப்பில் வரவழைத்தேன். மூடிய தகர டின்னில் காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்கினேன். பொடித்து, அடியில் ஓட்டை போட்ட பானையில் மணலோடு நிரப்பி, ஓடைத் தண்ணீரை ஊற்றினேன். சொட்டுச் சொட்டாக இறங்கிய தண்ணீரில் வாடை இல்லை. அடுத்த வீட்டுக் குப்பம்மாள் ஒரு பானை வைத்தாள். பிறகு தெருவே வைத்தது. அவள் புருஷன் வேலப்பன் அதே தோட்டத்தில் மருந்தடிக்கிறவன், வாயே திறக்கமாட்டான்.

சில வாரத்தில் மறுபடி வாடை தலைகாட்டியது. மருந்தை உறிஞ்சி உறிஞ்சிக் கரி நிறைந்துவிட்டது, அதைப் புதைத்துவிட்டுப் புதுக்கரி போடுங்கள் என்றேன். குப்பம்மாளுக்கு மனசு வரவில்லை. அவ்வளவு நைசான கரியை யாராவது மண்ணில் கொட்டுவார்களா? காயவைத்து, உப்புச் சேர்த்து அதில் பல் விளக்கினாள். மத்தியானத்துக்குள் வாந்தி, தலைசுற்றல். ஆஸ்பத்திரியில் கிடந்துதான் எழுந்து வந்தாள்.

திருமலைச்சாமிக்குக் கொண்டாட்டம். தெருவில் நின்று, "டீச்சரம்மா கரிதான் வெசம். பானைய ஒடச்சுப் போடுங்க. தண்ணியில ஒண்ணுமில்ல" என்றார். ரெண்டு வீட்டில் உடைத்தும் விட்டார்கள். அழுகை வந்தது. அழவில்லை.

மறுநாள் வெள்ளனே அவர் தோட்டத்துக்குப் போனேன். குப்பம்மாளும் தெருப் பெண்களும் கூட வந்தார்கள். என் கையில் இரண்டு சிரட்டை நிறையக் கரி.

"ரெண்டும் ஒரே டின்னுல சுட்ட கரிங்க. இது புதுசு. இது உங்க தண்ணிய வடிச்சது."

புதுக்கரியைத் தொட்டு, அத்தனை பேர் முன்னால் பல் விளக்கினேன். வாயெல்லாம் கறுப்பு. துப்பிவிட்டுச் சொன்னேன்: "என் கரிக்கு நான் பொறுப்பு. இப்ப நீங்க உங்க தண்ணி வடிச்சதுல வெளக்குங்க."

அவர் சிரித்தார். கூட யாரும் சிரிக்கவில்லை.

குப்பம்மாள் மற்றச் சிரட்டையை என்னிடமிருந்து வாங்கி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "ஒண்ணுமில்லன்னீகளே. வெளக்குங்க."

அவர் பின்வாங்கினார். கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது. மருந்து டின்னோடு ஓரமாக நின்ற வேலப்பன் பக்கம் திரும்பினார்.

"ஏலே வேலப்பா, வேடிக்கையா பாக்குற? டின்னக் கழுவ வெரசா ஓடையில எறங்குடா!"

வேலப்பன் டின்னைத் தரையில் வைத்தான்.

"மொதல்ல நீங்க பல்ல வெளக்குங்க மொதலாளி" என்றான். "அப்புறம் எறங்குறேன்."