வெள்ளைப் புள்ளி

எனக்குக் கோபம் எப்போதும் மூக்குமேல்தான் உட்கார்ந்திருக்கும். அதிலும் முகம் வரையச் சொன்னால் தோசையை வரைந்து, அதில் இரண்டு கண்ணை ஒட்டிக்கொண்டு வரும் பிள்ளைகளைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாது. “கண்ணு இன்னா சட்டைப் பொத்தானா, தெச்சு வெக்கறதுக்கு?” என்று கத்துவேன். ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் சிரிக்கும். என் கோபத்துக்கு அந்த மலைப்பள்ளியில் அவ்வளவுதான் மரியாதை.

வாரத்தில் மூன்று நாள் திருப்பத்தூரிலிருந்து புதூர்நாடு பஸ் பிடித்து வந்துபோகும் பகுதிநேர ஓவிய ஆசிரியன் நான். பெயர் கண்ணாயிரம். அதற்கு முன்பு பல வருடம் திருப்பத்தூரிலேயே ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன்.

அந்த மாதம் முகமும் வெளிச்சமும்தான் பாடம். என் செல்போனில் ஒருவரையொருவர் ஜன்னலோரம் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு, அதைப் பார்த்து வரைந்தார்கள். “வெளிச்சம் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு தெரியலனா கண்ணுக்குள்ள பாரு. கருவிழியில ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். அது எந்தப் பக்கமோ, ஜன்னல் அந்தப் பக்கம். புள்ளி பொய் சொல்லாது” என்றேன். பெரிய ஞானி மாதிரிதான் சொன்னேன்.

அடுத்த வகுப்புக்கு வீட்டில் யாராவது ஒருவருடைய படத்தைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். செந்தாமரை சட்டம் போட்ட படம் ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தாள். வகுப்பிலேயே நன்றாக வரைகிற பெண். அதிகம் பேசமாட்டாள்.

“எங்கம்மா சார். எனக்கு நாலு வயசு இருக்கும்போது செத்துட்டாங்க. வூட்ல இந்தப் படம் ஒண்ணுதான் கீது.”

“கண்ணாடி ஒடஞ்சிடப் போவுது, பத்திரம்” என்று சொல்லிவிட்டு வேறு ஒரு தோசையைத் திட்டப் போய்விட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து அவளே படத்தோடு என் மேசைக்கு வந்தாள்.

“சார், ஒரு சந்தேகம். அம்மா மூஞ்சில வெளிச்சம் இடது பக்கம் வருது. கண்ணுல புள்ளி வலது பக்கம் கீது. நான் எந்தப் பக்கம் வரையட்டும்?”

அப்போதுதான் படத்தை ஒழுங்காகப் பார்த்தேன். அந்தக் கண்கள் என் மனைவி காந்தாவுடையவை.

பத்து வருடம் முன்பு மலையில் நிறையப் பேருக்கு உயிரோடு இருக்கும்போது எடுத்த படம் இருக்காது. இறந்த பிறகு நாற்காலியில் உட்காரவைத்து எடுப்பார்கள். மூடியிருக்கும் கண்ணைக் கம்ப்யூட்டரில் திறந்து கொடுப்பது என் வேலை. கல்யாணமான புதிதில் காந்தாவைக் கடையின் கண்ணாடிக் கதவோரம் நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். அதிலிருந்து கண்ணை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டேன். செத்தது பெண் என்றால் அந்தக் கண்தான். கிழவிக்கும் அதே, இளம்பெண்ணுக்கும் அதே. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று யார் பார்க்கப்போகிறார்கள் என்ற திமிர்.

ஃபிளாஷ் அடித்திருப்பார்கள் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். அது வாய்வரை வந்தது.

“தப்பா வரைஞ்சிடக் கூடாது சார்” என்றாள். “தெனம் காலைல இவங்க கண்ணப் பாத்து, போய்ட்டு வர்றேன்னு சொல்ட்டுதான் ஸ்கூலுக்கு வருவேன். கணக்குல மார்க் கொறஞ்சா மட்டும் பாக்க மாட்டேன். மொறைக்கிற மாதிரியே இருக்கும்.”

அதற்குமேல் எனக்குப் பொய் வரவில்லை. அவளை வகுப்புக்கு வெளியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் அழவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ எங்கம்மா கண்ணு எப்டி சார் இருந்துச்சு?”

“தெரியலம்மா. நான் பாக்கறப்ப மூடித்தான் இருந்துச்சு.”

“இது யாருது?”

“எங்க வூட்டுக்காரம்மாவுது.”

“அவங்க இருக்காங்களா சார்?”

“இருக்கா. திருப்பத்தூர்லதான்.”

ஒரு நிமிடம் அவள் முகம் மலர்ந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். செய்த பாவத்துக்கு ஏதாவது ஒன்று செய்ய வேண்டுமே என்ற அவசரம். “அடுத்த வாரம் இட்டுனு வரட்டுமா? நேர்ல பாக்கறியா?”

அவள் படத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம் சார். அவங்களுக்கு என்னை யாருன்னு தெரியாது இல்ல.”

உள்ளே போய், வரைந்த முகத்தில் கண்கள் இருந்த இடத்தை ரப்பரால் அழித்தாள். அழித்தது அழித்தபடியே என்னிடம் கொடுத்துவிட்டு, சட்டம் போட்ட படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனாள். அந்தத் தாளுக்கு நான் மார்க் போடவில்லை.

அன்று சாயங்காலம் பஸ் வளைவு வளைவாக மலையிறங்கியது. கண்டக்டர் வழக்கம்போல் கிண்டல் செய்தார். வீட்டுக்குப் போனதும் காந்தா கதவைத் திறந்தாள். “இன்னா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?”

நான் அவள் கண்களைப் பார்த்தேன். கொஞ்சம் சுருக்கம் விழுந்திருந்தது. வாசல் விளக்கின் வெளிச்சம் உள்ளே புள்ளியாகத் தெரிந்தது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

“செந்தாமரைக்குக் கணக்குல மார்க் கொறஞ்சிடுச்சாம்” என்றேன்.

“யாரு செந்தாமரை?” என்று கேட்டாள் காந்தா.